கிரையோலைட் குறித்த கேள்வி பதில்

சென்னையில் கனிமம் சேகரிப்போரும் மாணவர்களும் ஆசிரியர்களும் கிரையோலைட் என்னும் அரிய ஃபுளூரைடு கனிமத்தைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கிண்டி, முதுநிலை நிலவியல் மாணவி: ஐயா, கிரையோலைட்டில் அலுமினியம் இருக்கிறது. அப்படியிருக்க, அதை அலுமினியக் கனிமங்களோடு சேர்க்காமல் உப்பும் ஃபுளூரைட்டும் இருக்கும் ஹேலைடு வகுப்பில் (குளோரின், ஃபுளூரின் போன்ற தனிமங்களின் சேர்மங்கள்) வைப்பது ஏன்?

கனிமங்களை வகைப்படுத்தும்போது முதலில் பார்ப்பது எதிர்மின் அயனியை. உலோகத்தை அடிப்படையாகக் கொண்டால் குருந்தம், பெல்ட்ஸ்பார், கிரையோலைட் ஆகிய மூன்றும் ஒரே கூட்டில் அடைபடும். ஆனால் அவற்றின் பண்புகளுக்கிடையே உறவு எதுவும் இராது. கிரையோலைட்டில் மூன்று சோடியத்துக்கு ஓர் அலுமினியமும் ஆறு ஃபுளூரினும் உள்ளன. எடையில் ஏறத்தாழ 54 விழுக்காடு ஃபுளூரின்தான். ஆகவே கனிமங்களை வேதியியலையும் கட்டமைப்பையும் கொண்டு பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் அது மூன்றாம் வகுப்பான ஹேலைடுகளில் வருகிறது.

ஆனால் வகுப்பின் பெயரோடு நின்றுவிட்டால் இக்கனிமம் பிடிபடாது என்பதே என் கருத்து. சமையல் உப்பும், சோடியம் ஃபுளூரைடாகிய வில்லியோமைட்டும், கால்சியம் ஃபுளூரைடாகிய ஃபுளூரைட்டும் எளிய ஹேலைடுகள். கிரையோலைட்டிலோ ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஃபுளூரின் அணுக்கள் சூழ்ந்து ஓர் எண்முகியாக அமைகின்றன. அந்த எண்முகிகள் ஒன்றோடொன்று ஃபுளூரினைப் பகிர்ந்துகொள்ளாமல் தனித்தனியே நிற்க, அவற்றைச் சோடியம் பிணைக்கிறது. சிலிக்கேட்டுகளைத் தனி நான்முகி, சங்கிலி, தாள் என்று பிரிக்கும் அதே முறையில்தான் அலுமினிய ஃபுளூரைடுகளும் பிரிக்கப்படுகின்றன. கிரையோலைட் தனி எண்முகிப் பிரிவிலும், எண்முகிகள் இணைந்து தாள்களாக அமையும் கியோலைட் வேறொரு பிரிவிலும் உள்ளன. இவ்விரண்டிலும் இருப்பவை அதே சோடியம், அலுமினியம், ஃபுளூரின்தான். விகிதமும் அடுக்குமே வேறு. தேர்வில் எழுதும்போது வேதியியலையும் கட்டமைப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதே மாணவி: அதன் படிகத் தொகுதி ஒற்றைச் சரிவு என்று பாடத்தில் உள்ளது. ஆனால் படங்களில் கனசதுரம்போல் தெரிகிறதே?

இரண்டும் சரிதான். ஒற்றைச் சரிவில் அச்சுகளுக்கிடையேயான கோணங்களில் ஒன்று மட்டும் 90 டிகிரியாக இராது. கிரையோலைட்டில் அந்தக் கோணம் 90 டிகிரியிலிருந்து அரை டிகிரிகூட விலகவில்லை. ஆகையால் கண்ணுக்குக் கனசதுரமாகவே படும். அணுவடுக்கைப் பார்த்தால் அது பெரோவ்ஸ்கைட் என்னும் கனிமத்தின் பெயரால் அழைக்கப்படும் கட்டமைப்புக் குடும்பத்தின் சற்றே சாய்ந்த வடிவம். சூடாக்கிக்கொண்டே போனால், 500 டிகிரி செல்சியசைக் கடந்த நிலையில் அந்தச் சாய்வு நீங்கி, சமச்சீர் மிகுந்த வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஒரு சோடியம் இடம் தவிர மற்ற சோடியம் இடங்களில் பொட்டாசியம் அமரும் எல்பசோலைட் என்னும் உறவுக் கனிமத்தில் சாதாரண வெப்பநிலையிலேயே உண்மையான கனசதுரச் சமச்சீர் கிடைக்கிறது.

தாம்பரம், சேகரிப்பாளர்: இணையத்தில் கல் விற்கும் ஒருவர், தண்ணீரில் போட்டால் மறைந்துவிடும் கல் என்று ஒரு காணொளி அனுப்பினார். இதை நம்பி வாங்கலாமா?

அந்தப் பண்பு உண்மையானது. நீரின் ஒளிவிலகல் எண் 1.333, கிரையோலைட்டினுடையது ஏறத்தாழ 1.338. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் ஒளி எல்லையில் ஏறத்தாழ வளைவதே இல்லை. தெளிவான மெல்லிய சில்லு நீருக்குள் விளிம்பின்றிப் போய்விடும். ஃபுளூரைட்டுக்கு இந்த எண் 1.434 என்பதால் அதன் விளிம்பு நீரிலும் தெரியும். ஆனால் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் வெண்மையாக மங்கிய கட்டிகள். அவை நீரில் சற்றே ஒளி ஊடுருவுபவையாக மாறுமே தவிர, மறைந்துபோவதில்லை. முழுதாக மறையும் பெரிய கட்டியைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். பூச்சாடியில் போடும் நீருறிஞ்சும் மணிகளும் இப்படித்தான் மறைகின்றன.

வாங்குவதற்கு முன் எடையை வைத்துச் சோதிப்பதே மேல். கிரையோலைட்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.97 அளவில் இருக்கும். காற்றில் 30 கிராம் உள்ள துண்டை நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் ஏறத்தாழ 20 கிராம் காட்ட வேண்டும். கால்சைட்டும் குவார்ட்ஸும் 19 கிராமுக்குக் கீழே காட்டும். இதில் வேறு கனிமம் ஒட்டியிருக்கக் கூடாது என்பது முக்கியம், ஏனெனில் பழுப்பு நிறச் சிடரைட் என்னும் இரும்புக் கார்பனேட்டுக் கனிமம் இதனோடு அடிக்கடி கலந்து வரும். மேலும், கத்தியால் எளிதில் கீறலாம், கடினத்தன்மை மோ அளவுகோலில் இரண்டரை முதல் மூன்றுக்குள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சைட்போல் நுரைக்காது. சல்பூரிக் அமிலத்தை மட்டும் இதன் அருகே கொண்டுபோகாதீர்கள். வெளிவரும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு உயிருக்கே ஆபத்தானது.

மயிலாப்பூர், பள்ளி ஆசிரியர்: இது எங்கே கிடைக்கிறது? பல்லாவரம் பக்கம் தேடினால் கிடைக்குமா?

பல்லாவரத்தின் சார்னோகைட் பூமியின் ஆழத்தில், நீர் குறைந்த சூழலில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. கிரையோலைட்டுக்கு வேண்டிய சூழலே வேறு. கிரானைட் குழம்பு இறுகும் கடைசிக் கட்டத்தில் ஃபுளூரினும் சோடியமும் மிகுதியாகச் சேர, கால்சியமோ குறைவாக இருக்க வேண்டும். கால்சியம் இருந்தால் ஃபுளூரின் அதனோடு சேர்ந்து ஃபுளூரைட்டாகிவிடும். இந்த நிபந்தனைகள் பெரிய அளவில் ஒருங்கே அமைந்த இடம் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள இவிட்டூட். அபில்கார்ட் என்ற டென்மார்க் அறிஞர் 1799-இல் இதை விவரித்தார். அங்கே 1850-களில் தொடங்கிய சுரங்கம் 1987-இல் மூடப்பட்டது. உருசியாவின் மியாஸ், அமெரிக்காவின் கொலராடோ, பிரேசிலின் பிட்டிங்கா ஆகிய இடங்களிலும் உண்டு.

அம்பத்தூர், ஓய்வுபெற்ற பொறியாளர்: மேட்டூரில் அலுமினிய ஆலை இயங்கிய காலத்தில் கிரையோலைட் என்ற பெயரைக் கேட்டிருக்கிறேன். அது கிரீன்லாந்துக் கல்தானா?

அலுமினிய உருக்காலைகள் எங்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது செயற்கையாகத் தயாரித்த கிரையோலைட்டையே. இயற்கைக் கல்லால் உலகத் தேவையை ஈடுசெய்ய முடியாது. அலுமினியத்தின் ஆக்சைடாகிய அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய கிரையோலைட்டிலோ அது 960 டிகிரி அளவிலேயே கரைந்துவிடும். 1886-இல் ஹால், ஹெரூல் இருவரும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறை இதை நம்பியே நிற்கிறது. இன்னொரு வசதியும் உண்டு: உருகிய அலுமினியம் அந்தக் கரைசலைவிடச் சற்றே கனமானது என்பதால் அடியில் தங்கி, காற்று படாமல் காக்கப்படுகிறது.

வேளச்சேரி, இல்லத்தரசி: எங்கள் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதற்கு இந்தக் கல்தான் காரணமா?

இல்லை அம்மா. அப்பகுதிப் பாறைகளில் பரவலாக உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு மெல்ல வெளியேறுகிறது. காரத்தன்மை மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் அது படியாமல் தங்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. காய்ச்சுவதால் ஃபுளூரைடு குறையாது.

பெருங்குடி, சேகரிப்பாளர்: கிரையோலைட்டும் சிவப்பு வில்லியோமைட்டும் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

கிரையோலைட் நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். தூசி படாமல் பெட்டியில் வைத்தால் போதும். வில்லியோமைட் அப்படியல்ல. நூறு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 4 கிராம் கரையும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலேயே அதன் முகங்கள் மழுங்கிவிடும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அதன் சிவப்பு நிறம் கதிரியக்கத்தால் படிகத்தில் ஏற்பட்ட குறைகளிலிருந்து வருவது, ஆகவே சூடு காட்டினால் வெளுத்துவிடும். அது நச்சுப்பொருள் என்பதால் நாவில் வைத்துச் சோதிப்பதும் கூடாது. தொட்டபின் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.