எங்கள் அப்ளிகேஷனை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் சிறு சிறு நிரல்களாகப் பிரித்த பிறகு எதைத் தொட்டாலும் வேறெங்கோ உடைகிறது. இந்தச் சிக்கலை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது?

ஒரே அப்ளிகேஷனாக இருந்ததைப் பத்துப் பன்னிரண்டு சர்வீஸாகப் பிரித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் கோட் சுத்தமாக இருக்கிறது, ஆனால் சேர்ந்து ஓடும்போது ஆர்டர் காணாமல் போகிறது, பணம் இரண்டு முறை பிடிக்கப்படுகிறது என்கிறீர்கள். சர்வீஸ்களின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரே தகவலை மாற்றும் அதிகாரம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் பார்த்த பெரிய சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேதான் போய் முடிந்தன.

இதற்கு, நிரலாளர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பழுதான ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. அதில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவர்களின் நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 நொடியில் தொடர்பு திரும்பிவிட்டது. ஆனால் சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது.

அந்த 43 நொடியில் நடந்தது இதுதான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கிளஸ்டர்களில் (ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர் கூட்டங்களில்) எது பிரைமரி, அதாவது எழுதுவதை ஏற்கும் முதன்மை நகல், என்று தீர்மானிக்கும் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், கிழக்கு டேட்டா சென்டரைக் காணவில்லை என்று கண்டது. ஆர்கெஸ்ட்ரேட்டர் ஓடும் சர்வர்களில் மீதமிருந்த நோடுகள் சேர்ந்து பெரும்பான்மை அமைத்து, மேற்குக் கரையில் இருந்த டேட்டாபேஸ்களைப் பிரைமரி ஆக்கின. ஆனால் கிழக்கில் கடைசிச் சில நொடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தொடர்பு திரும்பியபோது மேற்கில் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். கிழக்கில் இருப்பது மேற்கில் இல்லை, மேற்கில் இருப்பது கிழக்கில் இல்லை. மிகவும் பரபரப்பான ஒரு கிளஸ்டரில் இப்படிச் சிக்கியவை 954 பதிவுகள். அவ்வளவுதான். அந்தச் சிறிய எண்ணிக்கைக்காகத்தான் ஒரு நாள் முழுக்க பேக்கப்பில் இருந்து மீட்டு, ரெப்ளிகாக்கள் (நகல் டேட்டாபேஸ்கள்) எட்டிப்பிடிக்கும் வரை காத்திருந்தார்கள். தளம் தடுமாறினாலும் பரவாயில்லை, பயனர்களின் தரவு கெடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆர்கெஸ்ட்ரேட்டர் தனக்குச் சொல்லப்பட்டபடியே நடந்தது. ஆனால் கிழக்கில் ஓடிய அப்ளிகேஷன்களால், நாட்டின் மறுகோடியில் இருக்கும் டேட்டாபேஸில் எழுதும் தாமதத்தைத் தாங்க முடியவில்லை. ஒரு பகுதிக்குத் தெரிந்த விதி இன்னொரு பகுதிக்குத் தெரியவில்லை. பிறகு, ஒரு கரையில் இருந்து மறு கரைக்குப் பிரைமரி தானாக மாறாதபடி அமைப்பை மாற்றினார்கள்.

உங்கள் பணப் பிரச்சினைக்கு வருகிறேன். பேமென்ட் சர்வீஸை அழைக்கிறீர்கள், குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் டைம்அவுட் ஆகிறது. கோரிக்கை போகவே இல்லையா, வேலை நடந்துகொண்டிருக்கிறதா, வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா? அழைத்தவருக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது சில நேரம் வெற்றி என்றும் வராமல், தோல்வி என்றும் வராமல் ‘பெண்டிங்’ என்று நிற்பது இதனால்தான். அது நேர்மையான பதில். உங்கள் கோடிலும் ‘தெரியவில்லை’ என்பதற்குத் தனி நிலை வேண்டும். டைம்அவுட்டைத் தோல்வி என்று எழுதிவைக்கும் வரை பணம் இரண்டு முறை போய்க்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு வழி ஐடெம்பொட்டன்சி கீ. அழைப்பவர் முதல் முயற்சிக்கு முன்பே ஒரு அடையாள எண்ணை உருவாக்கிச் சேமித்துவைத்து, ரீட்ரை (மறுமுயற்சி) செய்யும்போதும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் பேமென்ட் சர்வீஸ் பழைய பதிலையே திருப்பித் தரும். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கீயை ரெடிஸ் என்ற தனிச் சேமிப்பில் வைத்துவிட்டு, பணப் பதிவை டேட்டாபேஸில் வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே சர்வர் விழுந்தால் மறுபடி பழைய கதை. கீயும் பணப் பதிவும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போக வேண்டும், அதாவது இரண்டும் சேர்ந்தே பதிவாக வேண்டும், இல்லையேல் இரண்டுமே பதிவாகக் கூடாது.

காணாமல் போகும் ஆர்டர்களுக்கும் இதே நோய்தான் என்று நினைக்கிறேன். டேட்டாபேஸில் ஆர்டரை எழுதி, அடுத்த வரியில், சர்வீஸ்களுக்கு இடையே செய்தி கடத்தும் காஃப்காவுக்குச் செய்தி அனுப்புகிறீர்களா? இரண்டில் ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகலாம். ஆர்டர் எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய செய்தியையும் அவுட்பாக்ஸ் என்ற டேபிளில் எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு வேலை அதைப் படித்துக் காஃப்காவுக்கு அனுப்பட்டும். சில செய்திகள் இரண்டு முறை போகும். வாங்குபவர் அதைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும்.

ரீட்ரை பற்றிச் சுருக்கமாக. ஒன்றை ஒன்று அழைக்கும் மூன்று அடுக்கும் தலா மூன்று முறை முயன்றால் அடியில் இருக்கும் சர்வீஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆகப் போய்ச் சேரும். ஏற்கெனவே திணறுகிற சர்வரை அது சாய்த்துவிடும். ஒரு அடுக்கில் மட்டும் ரீட்ரை வையுங்கள், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், அந்த இடைவெளியில் கொஞ்சம் தற்செயலும் கலந்திருக்கட்டும்.

எது முதலில் நடந்தது என்பதை சர்வர் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மெஷின்களின் நேரம் ஒருபோதும் துல்லியமாக ஒத்துப்போகாது. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்: நேரத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு நிகழ்வுக்கும் கூடிக்கொண்டே போகும் எண். உங்கள் டேபிளில் ஒரு வெர்ஷன் எண் வைத்தாலே பல இடங்களில் போதும்.

பிரித்ததில் சிலவற்றை மறுபடி சேர்க்கவும் தயங்காதீர்கள். எப்போதும் சேர்ந்தே டெப்ளாய் ஆகிற (புதிய பதிப்பாக வெளியாகிற), ஒரே டேபிளைத் தொடுகிற இரண்டு சர்வீஸ்கள் உண்மையில் ஒரு சர்வீஸ்தான். அமேசான் பிரைம் வீடியோவில் ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் குழு, பல துண்டுகளாக ஓடியதை ஒன்றாக்கியபோது செலவு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று 2023-இல் எழுதினார்கள். அதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கருவிக்கு அது பொருந்தியது.

ஆரம்பிக்க ஒரு வேலை. வாடிக்கையாளர், ஆர்டர், பணம், இருப்பு என்று முக்கியமான தகவல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, மாற்றும் அதிகாரம் யாருக்கு, நகல் யார் யாரிடம், நகல் எவ்வளவு பழையதாக இருந்தால் தாங்கும் என்று குறியுங்கள். மாற்றும் அதிகாரத்தில் இரண்டு பெயர் வருகிற வரிகளில், பணம் சம்பந்தப்பட்டதை முதலில் எடுங்கள். அந்த டேபிளை எழுதும் உரிமையை ஒரு சர்வீஸுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றின் டேட்டாபேஸ் பயனர் கணக்குகளில் இருந்து எழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்போது எது எது உடைகிறதோ, அதுதான் உங்கள் அடுத்த வேலைப் பட்டியல். டெஸ்ட் சூழலில் முதலில் செய்யுங்கள்.