ஆசிரியராக எந்தப் பக்கம் போவது? திருகோணமலைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை போகுமுன் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும். ஆசிரியர் பயிற்சியோடு பல வருடம் வாழ்ந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஐயா, நான் கலைப்பிரிவு. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் நேரே ஆசிரியராகலாமா? கல்விமாணி என்று ஒன்று சொல்கிறார்களே, அது வேறா?
— மாணவி, பாலையூற்று

வேறுதான் மகள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

கல்விமாணி ஆசிரியத் தொழிலுக்கான பட்டம். ஒரு பாடசாலைப் பாடம், அதைக் கற்பிக்கும் முறை, உளவியல், மதிப்பீடு, அப்புறம் உண்மையான வகுப்பறையில் கற்பித்தற் பயிற்சி எல்லாம் அதற்குள்ளேயே வரும். முடித்தவரைத் தொழில் தகைமை உள்ளவராகவே ஆசிரியர் சேவை ஏற்றுக்கொள்கிறது. கலைமாணியில் கல்வியியலைச் சிறப்பாகப் படிப்பது அப்படியில்லை. கல்வித் தத்துவம், கல்விச் சமூகவியல், கல்வி நிர்வாகம், அளவீடு என்று கல்வியை ஒரு துறையாக ஆராய்கிற படிப்பு அது. நல்ல படிப்புத்தான், நான் மதிக்கிற படிப்பு. ஆனால் தொழில் தகைமைக்கு அதற்குப் பின்னும் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்ய வேண்டிவரும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கல்விக்கெனத் தனிப் பீடம் இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கலைப்பீடத்துக்குள் ஒரு துறையாக இருக்கிறது. வந்தாறுமூலையில் கலை கலாசார பீடத்தின் கீழ் கல்வி, பிள்ளைநலத் துறை.

பாடத்தைத் தெரிவுசெய்யுமுன் துறைக்குப் போய் மூன்று விடயம் கேளுங்கள். சான்றிதழில் பட்டத்தின் பெயர் என்னவென்று எழுதுவார்கள்? கற்பித்தற் பயிற்சி எந்த வருடத்தில், எத்தனை கிழமை? கல்வியியலோடு சேர்த்து எந்தப் பாடசாலைப் பாடத்தைப் படிக்கலாம்?

மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாடசாலை நேரசூசியில் "கல்வியியல்" என்று ஒரு பாடம் கிடையாது, பாருங்கள். வெற்றிடங்களைத் தமிழ், வரலாறு, புவியியல், கணிதம் என்று பாடவாரியாக, மொழிமூலவாரியாகத்தான் அறிவிப்பார்கள். நாலு வருடம் கல்வியியலில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தில் "கற்பிக்கும் பாடம்" என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். முதலாம் வருடத்தில் ஒரு பாடத்தைச் சரியாகத் தெரிவுசெய்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது. நீங்கள் புவியியலோ தமிழோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விடவேண்டாம்.

கோணேசபுரியில் வளாகம் இருக்கிறதே, அங்கே கல்வியியல் இல்லையா? வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று பார்த்தேன்.
— மாணவன், நிலாவெளி

இல்லை தம்பி. திருகோணமலை வளாகத்தில் இருப்பவை தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் படிக்க வந்தாறுமூலைக்குத்தான் போகவேண்டும். மூதூர், வெருகல், வாகரை வழியாகப் போகும் வீதி இப்போது நன்றாக இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் பாதைப்படகுக்குக் காத்து நின்று போனவர்களைக் கேட்டால் இது தூரமே இல்லை என்பார்கள். இருந்தாலும் தினம் போய்வருகிற தூரமில்லை, விடுதியை நினைத்துத் திட்டமிடுங்கள்.

மகளுக்குக் கல்வியியற் கல்லூரிக்கும் போகலாம், பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் போகலாம் என்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் "கம்பஸை விடாதே" என்கிறார்கள். மகளுக்குச் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் விருப்பம். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், உப்புவெளி

அம்மா, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்க விருப்பம் என்கிறீர்களே, அந்த விருப்பத்துக்கு மரியாதை கொடுங்கள்.

தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை. படிப்பு மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் முழுக்க ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி, அதாவது அங்கேயே நின்று படிப்பித்துப் பழகுவது. முடிவில் தேசிய போதனாவியல் டிப்ளோமாவும், அதன் வழியாக ஆசிரியர் நியமனமும். நமது மாவட்டத்தில் அப்படியொரு கல்லூரி இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, வவுனியா, யாழ்ப்பாணம், பத்தனை என்று போகிறார்கள். எந்தக் கல்லூரி என்பது கிடைக்கும் பாடநெறியைப் பொறுத்தது.

ஆரம்பக் கல்விக்கு அந்தக் கட்டுறு வருடத்தை விடப் பெரிய பயிற்சி கிடையாது என்பது என் அபிப்பிராயம். கலைப்பீடத்தில் மூன்று நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கும்வரை ஒருநாள்கூட வகுப்பின் முன் நில்லாமல் வெளியே வரலாம். அதற்குப் பின் நியமனத்துக்கு வர்த்தமானி வரவேண்டும், போட்டிப் பரீட்சை எழுதவேண்டும், நேர்முகத்தில் சில நிமிடம் படிப்பித்தும் காட்டவேண்டும். எத்தனை பட்டதாரிகள் நமது ஊரில் அப்படிக் காத்திருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பட்டம் போய்விடும் என்று பயப்படவும் தேவையில்லை. டிப்ளோமா முடித்துச் சேவைக்கு வந்தபின் தேசிய கல்வி நிறுவகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ கல்விமாணி செய்யலாம். சம்பளம் வரும் கையோடு, வகுப்பறை அனுபவத்தோடு படிக்கிற அந்தப் படிப்பு மனதில் நிற்கும்.

மகள் உயர்தரத்துக்குத் தமிழையோ வரலாற்றையோ ஆழமாகப் படிப்பிக்க ஆசைப்படுகிறவராக இருந்திருந்தால் பல்கலைக்கழகம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் பதிந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். முதலிலேயே ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்.

சேர், நான் கல்வியியல் இரண்டாம் வருடம். பியாஜே, விகொட்ஸ்கி, புளூம் என்று கல்வி உளவியல் அறிஞர்களைப் பெயர் பெயராகப் பாடமாக்குகிறோம். இதெல்லாம் மூதூரில் ஒரு வகுப்பறைக்கு எதற்கு? எனக்கு வாய் கொஞ்சம் திக்கும் வேறு. கற்பித்தற் பயிற்சியை நினைத்தாலே வயிறு கலங்குது.
— மாணவன், தோப்பூர்

தம்பி, இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாகவே சொல்கிறேன்.

கடலோரத்துச் சிறிய பாடசாலை ஒன்றில் தரம் 2 வகுப்பு. பயிற்சி ஆசிரியை பாடக்குறிப்பைச் சிவப்புக் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார். பிரவேசம் 5 நிமிடம், வாசிப்பு 15 நிமிடம் என்று. நான் கடைசி வாங்கில். ஒரு பையன் எழும்பித் தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தான். ஆசிரியை சந்தோசப்பட்டு மதிப்பீட்டுத் தாளில் சரி போட்டார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அவன் விரல் இருந்தது மூன்று வரி கீழே. படத்தைப் பார்த்துக்கொண்டு, காதால் கேட்டதை ஒப்புவித்திருக்கிறான். ஓர் எழுத்தும் தெரியாது.

இடைவேளையில் அதைச் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த கிழமை போனபோது அந்த ஆசிரியை அவனைப் பக்கத்தில் இருத்தி, படத்தைக் கடுதாசியால் மூடிவிட்டு, "மீன்" என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். அவன் அப்பா மீன்பிடிக்கிறவர். முதலில் "மீன்", அப்புறம் "மான்". முதல் எழுத்தில் எது மாறியது என்று அவனே விரலால் தொட்டான். அவனால் தனியே முடியாதது, ஒருவர் பக்கத்தில் இருந்தால் முடிந்தது. இதைத்தான் விகொட்ஸ்கி அண்மை விருத்தி வலயம் என்று எழுதினார், நீங்கள் பாடமாக்கிக் கஷ்டப்படுகிற அதே சொல். ஒப்புவிப்பதும் விளங்கிக்கொள்வதும் வேறுவேறு படி என்பதுதான் கற்றல் நோக்கங்களைப் படிப்படியாகப் பிரித்து 1956இல் வந்த புளூமின் பகுப்பின் சாரம். அந்தப் பெயர்கள் தெரிந்தவருக்கு அந்த விரல் கண்ணில் படவேண்டும். படாவிட்டால் பாடமாக்கியது பரீட்சைக்கு மட்டும்தான்.

ஆகவே ஒவ்வொரு கோட்பாட்டைப் படிக்கும்போதும் உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பியோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, யாராவது.

திக்குவாய்க்கு வருவோம். ஆரம்ப வகுப்பில் பாடமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றாகத்தான் நடக்கிறது. மேல் வகுப்புகளுக்கும் 2007 பாடத்திட்டச் சீர்திருத்தம் ஐந்து படி முறையைக் கொண்டுவந்தது, பிள்ளைகளைத் தாங்களே தேடிக் கண்டறிய வைக்கிற முறை அது. நாற்பது நிமிடமும் ஆசிரியர் பேசிக்கொண்டே இருப்பது நல்ல பாடமில்லை. நீங்கள் மெதுவாகப் பேசுவதால் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள், அது நல்லதுதான். பயிற்சி தொடங்கும் நாளிலேயே மேற்பார்வை விரிவுரையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வசனத்தை வீட்டில் உரத்துச் சொல்லிப் பழகுங்கள். மிச்சத்தை வெண்கட்டியும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள்.

வெளிவாரிக் கலைமாணி முடித்து ஒரு பாடசாலையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். ஆசிரியர் இல்லாத பாடவேளைகளுக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள். இப்போதே பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வதில் பயன் உண்டா?
— பட்டதாரி, மூதூர்

உண்டு. முதலில், நீங்கள் செய்வது ஆசிரியர் வேலைதான், அதை நான் அறிவேன். பட்டதாரிகளை ஆசிரியர் சேவையின் 3-I (அ) தரத்துக்குச் சேர்க்கும்போது பட்டமே போதும், டிப்ளோமா கட்டாயமில்லை. ஆனால் சேவைக்குள் வந்தபின் அதை எப்படியும் முடிக்கத்தான் வேண்டும். வேலையோடு கிழமை இறுதியில் படிக்கக்கூடிய ஒழுங்கும் இருக்கிறது. விண்ணப்பிக்குமுன் அனுமதி நிபந்தனையை வரி வரியாக வாசியுங்கள். சில இடங்களில் நியமனம் பெற்ற ஆசிரியர்களுக்கு முன்னுரிமை. மாகாணப் பாடசாலை நியமனங்கள் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு வழியாக வருபவை, அலுவலகம் திருகோணமலை நகரிலேயே இருக்கிறது. ஆகவே சந்தேகம் இருந்தால் கேள்விப்பட்ட கதையை நம்பாமல் நேரே போய் எழுத்தில் கேளுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைக்கல்விக் கல்விமாணி என்று ஒரு நிலையத்தில் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— உவர்மலை

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பட்டமும் இங்கே ஏற்கப்படுமா என்று எழுதிக் கேட்டு, பதில் கையில் கிடைக்கும்வரை ஒரு சதமும் கட்டவேண்டாம். கற்பித்தற் பயிற்சி எங்கே நடக்கும் என்றும் நிலையத்தில் கேளுங்கள். "அதைப் பிறகு பார்ப்போம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஆறு வருடமாக முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தி. வயது 29. இனி எனக்குப் பட்டம் எல்லாம் சாத்தியமா?
— முன்பள்ளி ஆசிரியை, கிண்ணியா

சாத்தியம் தங்கச்சி. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்து வாசித்தேன். மாதக் கொடுப்பனவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆறு வருடம் விடாமல் நின்றிருக்கிறீர்கள்.

கல்வியியற் கல்லூரிக்கு வயதெல்லை இருப்பதால் அந்தக் கதவு மூடியிருக்கும். திறந்த பல்கலைக்கழகம் 1980இலேயே உங்களைப் போல வேலையோடு படிப்பவர்களை நினைத்துத் தொடங்கியது. அதன் கல்விப் பீடத்தில் ஆரம்பக் கல்விக்கெனப் பட்டநெறி இருக்கிறது. ஒரேயடியாகச் சுமக்காமல், வருடத்துக்கு எத்தனை பாடம் முடியுமோ அத்தனை எடுங்கள். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்று பதியும்போதே கேளுங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒரு வேலையும் சொல்கிறேன். ஒரு கொப்பி எடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். எதை எடுத்து விளையாடியது, யாரோடு பேசியது, எந்த இடத்தில் அழுதது. திகதி போடுங்கள். பிள்ளை விருத்தி பற்றிய முதல் ஒப்படை வரும்போது மற்றவர்கள் புத்தகத்தைத் தேடுவார்கள், நீங்கள் அந்தக் கொப்பியைத் திறப்பீர்கள்.