மரநிழலில் எந்த மஞ்சள்?

கேள்வி: ஆற்றோரமாக எங்களுக்குப் பழைய மாமரங்களும் லிச்சி மரங்களும் அடர்ந்த தோப்பு ஒன்று உண்டு. அதன் கீழே மருந்துக்காக மஞ்சள் பயிரிட விரும்புகிறேன். இங்கு சஃப்ரான் என்று அழைக்கும் உள்ளூர் மஞ்சளை விட்டுவிட்டு, மஞ்சளின் மருந்துச்சத்தான குர்குமின் மிகுந்த லக்கடாங் அல்லது ஆலப்புழை மஞ்சளை இந்தியாவிலிருந்து வரவழைக்கலாமா?
– ஒரு வாசகர், ரோஸ் பெல், மொரிஷியஸ்

பதில்: ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 2.5 முதல் 4.5 விழுக்காடு; ஆலப்புழை விரலியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாது; மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் விளையும் லக்கடாங்கில் 7 விழுக்காட்டையும் தாண்டும். ஆயினும் அந்த அளவு ரகத்தின் பிறவிக்குணம் மட்டுமன்று, மண்ணும் மழையும் வெயிலும் கூடித் தருவது. ஊர் மாறினால் அதுவும் மாறும்.

அதைவிடப் பெரிய தடை பருவம். இந்தியாவில் தை, மாசியில் வெட்டியெடுக்கும் கிழங்கு கோடை மழையோடு முளைக்கத் தொடங்கும்போது, தென்கோளத்தில் இருக்கும் நமக்குக் குளிர்காலம் பிறந்துவிடும். நாம் நடவேண்டிய அக்டோபர், நவம்பர் வரை வைத்திருந்தால் அது சுருங்கி வலுவிழக்கும். நம் சஃப்ரானோ தலைமுறைகளாக இந்தப் பருவத்துக்கே பழகியது. கடல் தாண்டி, பக்கத்துத் தீவான ரியூனியனின் பிளேன் தெ கிரேக் மலையூரிலும் அவ்வாறே ஊன்றிவிட்டது. தவிர, கிழங்கோடு அழுகல் நோயும் தீவுக்குள் வரக்கூடும் என்பதால், முன் அனுமதியின்றி ஒரு விரலியைக்கூடக் கொண்டுவராதீர்கள்.

முதலில் நிழலைப் பாருங்கள். உச்சிவேளையில் மரத்தடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால், முக்கால் பங்குக்காவது வெயில் புள்ளிகள் விழவேண்டும். இளநிழலை மஞ்சள் விரும்பும். லிச்சியின் அடர்நிழலிலோ இலை மட்டும் ஓங்கி வளர்ந்து கிழங்கு சிறுத்துப்போகும். கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுங்கள். ஆற்றங்கரையில் நாட்டு மரங்கள் எஞ்சியிருந்தால், அவற்றின் அடியைக் கிளறவே வேண்டாம். இத்தீவில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு மிகச் சொற்பம்.

அனுமதியோடு வெளிரகம் கிடைத்தால், ஒரே மரநிழலில், ஒரே மேட்டுப்பாத்தியில், 25 கிராம் எடையுள்ள விதைக்கிழங்குகளாக உள்ளூர் ரகத்தின் பக்கத்திலேயே நட்டு, இதுபோல மூன்று இடங்களில் செய்யுங்கள். இலை காய்ந்தபின் தோண்டி, வேகவைத்து, உலர்த்தி எடைபோடுங்கள். 4 விழுக்காடு குர்குமினுடன் 20 கிலோ உலர்மஞ்சள் தரும் பாத்தியில் 800 கிராம் குர்குமின் இருக்கும். 7 விழுக்காடாயினும் 10 கிலோவே தரும் பாத்தியில் 700 கிராம்தான். வெட்டுவாயின் செம்மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பாமல் ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். இரண்டு பருவம் பார்த்தபின் தோப்பு முழுவதும் நடலாம். அதுவரை உள்ளூர் விதையைக் கைவிடாதீர்கள்.