நீர் சுத்தமென்றால் மட்டியும் சுத்தமா?

கேள்வி: ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒருமுறை நீர் எடுத்துச் சோதித்தோம். ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றும் வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. அங்கே சேற்றில் கிடைக்கும் மட்டிகளை (சிப்பி வகை) சாப்பிடலாமா?

பதில்: அந்த ஒரு முடிவை மட்டும் நம்பிச் சாப்பிடாதீர்கள். நீங்கள் சோதித்தது அந்த நேரத்தில் அவ்வழியே போய்க்கொண்டிருந்த நீரை. உலோகம் தங்குவது அடியிலுள்ள சேற்றில்.

ஆற்றோடு வரும் ஈயத்தின் பெரும்பகுதி களிமண் துகள்களிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. உப்புநீர் பட்டதும் இந்தத் துகள்கள் திரண்டு அடியில் படிகின்றன. மேலே நீர் தெளிந்துவிடும், ஈயம் கீழே சேர்ந்துகொண்டே போகும். சோதனைக்கு முன் நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்திருந்தால், துகளில் ஒட்டியிருந்த உலோகம் கணக்கிலேயே வந்திருக்காது. அறிக்கையில் முதலில் இதைப் பாருங்கள்.

காட்மியம் இதற்கு நேர்மாறு. கடல்நீரின் குளோரைடு அதைத் துகளிலிருந்து பிரித்துக் கரையவைக்கிறது. ஈயம் படியும் அதே கழிமுகத்தில் காட்மியம் கரைந்து கிளம்பும். அதனால் உப்புத்தன்மையையும் ஏற்ற வற்றத்தையும் குறிக்காமல் எடுத்த மாதிரியை வைத்து அதிகம் சொல்ல முடியாது.

சேற்றில் படிந்தது அங்கேயே கிடக்கும் என்றும் எண்ண வேண்டாம். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கறுத்த சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருவது அதனால்தான். அங்கே உருவாகும் சல்பைடு உலோகங்களைப் பிடித்துவைக்கிறது. புயலோ தூர்வாரலோ கிளறிவிட்டால், ஆக்சிஜன் பட்டு அந்தப் பிடி தளர்கிறது. ஆக்சிஜனற்ற அதே சேற்றில்தான் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் போகப்போகச் செறிவு கூடுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோய்க்கு ஆலைக் கழிவிலிருந்த இந்த நச்சே காரணம். அங்கே யாரும் விரிகுடா நீரைக் குடிக்கவில்லை. மீனும் சிப்பியும் உண்டவர்கள்தான் நடையும் பேச்சும் இழந்தார்கள். நீர் முடிவை மட்டும் காட்டி யாராவது தைரியம் சொன்னால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

ஆகவே மட்டியின் சதையையே சோதியுங்கள். நாளெல்லாம் நீரை வடிகட்டி உண்ணும் உயிர் அது. நீர்மாதிரி ஒரு நொடியைக் காட்டும், மட்டியின் உடல் பல மாதங்களைக் காட்டும். ஒரே அளவுள்ள பல மட்டிகளை எடுத்து, குடலிலுள்ள சேறு வெளியேற ஒருநாள் தெளிந்த கடல்நீரில் விட்டு அனுப்புங்கள். கூடவே மேல் சேற்றில் 2 செ.மீ. தடிமனுக்கு, உலோகக் கரண்டி படாமல், பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். 63 மைக்ரானுக்குக் குறைந்த நுண்பகுதியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மணல் கலந்தால் அளவு குறைவாகத் தோன்றும்.

சாக்கடை கலக்கும் இடமானால் கிருமிச் சோதனை தனியாக வேண்டும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. முடிவு வரும்வரை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்த மட்டியைக் கொடுக்கவே வேண்டாம். பெருவெள்ளமோ தூர்வாரலோ நடந்தால் பழைய முடிவை ஒதுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.