சி மொழியில ஸ்டேட் மெஷின்: மேக்ரோவை எங்க வைக்கலாம், எங்க வைக்கக் கூடாது

கேள்வி: சார், மைக்ரோகன்ட்ரோலர்ல யூஆர்ட் (சீரியல் போர்ட்) வழியா வர்ற பாக்கெட்டைப் படிக்க ஸ்டேட் மெஷின், அதாவது எந்தக் கட்டத்துல இருக்கோம்னு நினைவு வச்சு அதுக்கேத்த வேலையைச் செய்யற கோடு, எழுதியிருக்கேன். ஒரே சுவிட்ச்-கேஸ், நீண்டுக்கிட்டே போகுது. புது ஸ்டேட் ஒண்ணு சேர்த்தா எனம்ல (பேர்களுக்கு வரிசையா நம்பர் குடுக்கிற லிஸ்ட்), டீபக்குக்கு பேர் வச்சிருக்கிற அர்ரேல, ஃபங்ஷன் டேபிள்லன்னு மூணு இடத்துல மாத்தணும், ஒண்ணு விட்டுப்போனா நாள் பூரா தேடல்தான். மேக்ரோ போட்டு எழுதுன்னு கூட வேலை பாக்கிறவர் சொல்றார். எப்படி எழுதறது, எழுதலாமா?

பதில்: எழுதலாம். மேக்ரோன்னா கம்பைல் ஆகறதுக்கு முன்னாடியே முழு கோடா விரியற ஒரு சுருக்கப் பேர். ஆனா "மேக்ரோ ஸ்டேட் மெஷின்"னு சொல்றப்போ ஆளுக்கு ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டு சொல்வாங்க, அதுல ரெண்டு வகை உருப்படியானது, மூணாவது ஒண்ணு இருக்கு, அதைத் தொடாதீங்க.

முதல்ல உங்க மூணு இடத்துப் பிரச்சனை. இதுக்கு எக்ஸ்-மேக்ரோ. ஸ்டேட் லிஸ்ட்டை ஒரே ஒரு மேக்ரோவா எழுதிடுங்க, அதுக்கு ஆர்க்யூமென்ட்டா இன்னொரு மேக்ரோ பேர் வரும், அதை எக்ஸ்னு வச்சுக்கலாம். உள்ள வரிக்கு ஒரு ஸ்டேட்:

எக்ஸ்(தொடக்கம், தொடக்க_வேலை)
எக்ஸ்(நீளம், நீள_வேலை)
எக்ஸ்(டேட்டா, டேட்டா_வேலை)
எக்ஸ்(செக்சம், செக்சம்_வேலை)

நிஜ கோடுல கடைசி வரி தவிர ஒவ்வொரு வரி முடிவுலயும் பேக்ஸ்லாஷ் வரும். இப்போ இதே லிஸ்ட்டை மூணு தடவை விரிக்கிறீங்க. பேரை மட்டும் எடுத்து பின்னாடி கமா போடுற குட்டி மேக்ரோவைக் குடுத்தா எனம் ரெடி. பேருக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போட்டா அது ஸ்ட்ரிங்கா மாறிடும், டீபக் பேர் அர்ரே ரெடி. ரெண்டாவது ஆர்க்யூமென்ட்டை மட்டும் எடுத்தா ஃபங்ஷன் டேபிள். மூணும் ஒரே லிஸ்ட்ல இருந்து வர்றதால வரிசை மாறவே மாறாது, புது ஸ்டேட் வேணும்னா ஒரு வரி சேர்த்து அதோட ஃபங்ஷனை எழுதினா வேலை முடிஞ்சது. எனம் கடைசியில மொத்த எண்ணிக்கைக்குன்னு ஒரு பேர் சேர்த்து வச்சுக்குங்க, டேபிளுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஸ்டேட் மதிப்பு அதை விடச் சின்னதான்னு பாக்கணும். மெமரி எங்கயாவது கெட்டுப்போச்சுன்னா டேபிளுக்கு வெளிய இருக்கிற ஏதோ ஒரு அட்ரஸுக்குத் தாவிடும், அதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

இந்த லிஸ்ட்டுக்குள்ள ரெட்டை ஸ்லாஷ் கமென்ட் போடாதீங்க. பேக்ஸ்லாஷ் வரிகளைக் கம்பைலர் முதல்ல ஒட்டிட்டு அப்புறம்தான் கமென்ட்டை நீக்கும், அதனால உங்க கமென்ட்டு கீழ இருக்கிற ஸ்டேட் எல்லாத்தையும் முழுங்கிடும். ஸ்லாஷ்-ஸ்டார் கமென்ட்னா பிரச்சனையே இல்ல.

ரெண்டாவது வகை வேற ரகம். இங்க ஸ்டேட்டுக்குப் பேரே கிடையாது, கோடுல எந்த வரியில நிக்கறோமோ அதுதான் ஸ்டேட். 1983-ல டாம் டஃப் லூகாஸ்ஃபிலிம்ல இருந்தப்போ, சுவிட்சோட கேஸ் லேபிளை உள்ள இருக்கிற லூப்புக்கு நடுவுலகூட வைக்க முடியும்ங்கிறதைப் பயன்படுத்தி ஒரு காப்பி லூப்பை வேகமாக்கினார். புட்டிங்கிற எஸ்எஸ்எச் மென்பொருளை எழுதின சைமன் டேத்தம் அந்த நுணுக்கத்தை வச்சு சி-ல கோரூட்டீன் (நடுவுல நிறுத்திட்டு அப்புறம் விட்ட இடத்துல இருந்தே தொடரக்கூடிய ஃபங்ஷன்) எழுதறது எப்படின்னு 2000-ல எழுதினார். அப்புறம் ஆடம் டங்கல்ஸ், சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கான கான்டிக்கி ஆப்பரேட்டிங் சிஸ்டம் பக்கம் இதையே புரோட்டோத்ரெட்னு கொண்டு வந்தார், ஒரு த்ரெட்டுக்கு ரெண்டு பைட் இருந்தா போதும், ஏன்னா சேமிக்க வேண்டியது ஒரு வரி நம்பர் மட்டும்தான்.

உள்ள நடக்கிறது இதுதான். "ஆரம்பி" மேக்ரோ, சேமிச்ச வரி நம்பர் மேல ஒரு சுவிட்சைத் திறந்து கேஸ் ஜீரோ போடும். "காத்திரு" மேக்ரோ, இப்போதைய வரி நம்பரை சேமிச்சு, அதே நம்பருக்கு ஒரு கேஸ் லேபிள் போட்டு, கண்டிஷன் இன்னும் வரலேன்னா ரிட்டர்ன் ஆயிடும். அடுத்த தடவை ஃபங்ஷனைக் கூப்பிட்டா சுவிட்ச் நேரா அந்த வரிக்கே குதிக்கும், லூப்புக்கு நடுவுல இருந்தாலும் சரி. "முடி" மேக்ரோ நம்பரை ஜீரோவாக்கிட்டு சுவிட்சை மூடும். அவ்வளவுதான்.

உங்க பாக்கெட் பார்சருக்கு நான் இதைத்தான் சொல்வேன். தொடக்க பைட் வர்ற வரைக்கும் காத்திரு, நீளம் வாங்கு, அது பஃபரை விடப் பெருசுன்னா தூக்கிப் போடு, அத்தனை பைட்டுக்கு லூப் ஓட்டு, செக்சம் (பைட் எல்லாம் சரியா வந்துச்சான்னு சரிபார்க்கிற மதிப்பு) பாருன்னு மேல இருந்து கீழ படிச்சாலே புரியும். ஒவ்வொரு காத்திருப்பும் ரிங் பஃபர்ல (வந்த பைட் வரிசையா காத்திருக்கிற இடம்) பைட் இருக்கான்னு கேக்கும், இருந்தா அடுத்த வரியில எடுத்துக்கும். நாலு ஃபங்ஷனா உடைச்சு எழுதறதை விட இது எவ்வளவோ தெளிவு.

ஆனா கண்ணு வைக்க வேண்டியது நிறைய. லூப்புல வர்ற ஐ லோக்கல் வேரியபிளா இருந்தா ரிட்டர்ன் ஆன உடனே போச்சு, திரும்பி வரும்போது குப்பை மதிப்புதான் இருக்கும். ஸ்டேட்டிக் போட்டா ஓடும், என்னைக்கு ரெண்டாவது யூஆர்ட்டுக்கும் இதே ஃபங்ஷனைக் கூப்பிடறீங்களோ அன்னைக்கு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அதனால ஐ, நீளம், செக்சம், வரி நம்பர் எல்லாத்தையும் ஒரு ஸ்ட்ரக்ட்ல போட்டு பாயின்டரா அனுப்புங்க. அப்புறம், உங்க சொந்த சுவிட்ச் ஒண்ணு எழுதி அதுக்குள்ள "காத்திரு" போட்டா, கேஸ் லேபிள் வெளி சுவிட்சுக்குப் போகாம உங்க சுவிட்சோட ஒட்டிக்கும், அந்த இடத்துல இஃப்-எல்ஸ் எழுதிக்குங்க. ஒரே வரியில ரெண்டு "காத்திரு" போட்டா டூப்ளிகேட் கேஸ்னு எரர் வரும், அது நல்லதுதான், கம்பைல்லயே தெரிஞ்சுடுது. ஜிசிசி கம்பைலர் 7-ல இருந்து எக்ஸ்ட்ரா வார்னிங் ஆன் பண்ணியிருந்தா ஃபால்த்ரூன்னு, அதாவது பிரேக் இல்லாம அடுத்த கேஸுக்குள்ள ஓடுதுன்னு, சத்தம் போடும், மேக்ரோவுக்குள்ளயே ஃபால்த்ரூ ஆட்ரிப்யூட் வச்சுட்டா அடங்கிடும், வார்னிங்கையே ஆஃப் பண்ணிடாதீங்க.

கார், மெடிக்கல் பக்கம் வேலைன்னா முதல்ல உங்க கோடிங் ஸ்டாண்டர்டைப் பாருங்க. மிஸ்ரா சி 2012ங்கிற பாதுகாப்பு கோடிங் விதித் தொகுப்புல ரூல் 16.2 கேஸ் லேபிள் சுவிட்சோட நேரடி பிளாக்குல மட்டும்தான் இருக்கணும்னு கட்டாயமா சொல்லுது, அதனால லூப்புக்குள்ள குதிக்கிற இந்த வகைக்கு அங்க இடமில்ல. எக்ஸ்-மேக்ரோல வர்ற ஹேஷுக்கு ரூல் 20.10 இருக்கு, அது அட்வைசரி அளவுலதான், காரணம் எழுதி வச்சுட்டு தாண்டலாம். பல பக்கத்துல இருந்து ஈவென்ட் வந்து எந்த ஸ்டேட்ல இருந்தும் எந்த ஸ்டேட்டுக்கும் போற மெனு, மோட்டார் கன்ட்ரோல் மாதிரி வேலைக்கும் டேபிள்தான் சரி, வரிசையா ஓடற கோடா அதை எழுத முடியாது.

தொடாதீங்கன்னு சொன்ன மூணாவது: "போ_ஸ்டேட்டுக்கு"ன்னு ஒரு மேக்ரோ, அதுக்குள்ள ரிட்டர்ன் இருக்கும், "நுழை"ன்னு ஒண்ணு, அதுக்குள்ள பிரேக் இருக்கும், இப்படி ஆளாளுக்கு சொந்தமா கட்டிக்கிற பாஷை. "காத்திரு"லயும் ரிட்டர்ன் ஒளிஞ்சிருக்குதான், ஆனா அது மூணே மேக்ரோ, எல்லாருக்கும் தெரிஞ்ச வடிவம். இது அப்படி இல்ல, புதுசா வர்றவர் கோடைப் படிச்சா எந்த வரியில ஃபங்ஷனை விட்டு வெளிய போறோம்னே தெரியாது. உங்க டீம்ல ஏற்கெனவே இப்படி ஒண்ணு இருந்தா ஜிசிசி-யில மைனஸ் பெரிய ஈ போட்டு விரிச்ச கோடை ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க.

எந்த வகைல எழுதினாலும் டைம்அவுட்டை விட்டுடாதீங்க. நீளம் 20னு வந்துட்டு 7 பைட்டோட வயர் கழண்டுச்சுன்னா பார்சர் மீதி 13 பைட்டுக்காக நிக்கும், அடுத்து வர்ற நல்ல பாக்கெட்டோட முதல் 13 பைட்டை அந்தப் பழசோட பாதின்னு நெனச்சு எடுத்துக்கும். கடைசி பைட் வந்த நேரத்தை அதே ஸ்ட்ரக்ட்ல வச்சு, பாட் ரேட்டை (லைன் வேகத்தை)ப் பொறுத்து சில மில்லிசெகண்ட் தாண்டினா வரி நம்பரை ஜீரோவாக்கிடுங்க, டேபிள் வகைன்னா ஸ்டேட்டைத் தொடக்கத்துக்குக் கொண்டு போங்க. இந்த செக்கைப் பார்சருக்குள்ள வைக்காம, அதைக் கூப்பிடற மெயின் லூப்புல வைங்க.