உப்பு ஆய்வில் அயனியைக் குழப்பமில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்காக எந்தச் சோதனைக்கு எந்த அயனி (உப்பில் இருக்கும் மின்னூட்டம் கொண்ட துகள்) என்ற அட்டவணையை முழுக்க மனப்பாடம் செய்தும் தப்பான அயனியில் போய் நிற்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருஷமாக ஆய்வகத்தில் பிள்ளைகளோடு நிற்பவன் என்பதால் சொல்கிறேன்: அட்டவணையில் கோளாறு இல்லை. ஒரு சோதனை பலித்ததுமே பெயரை எழுதிவிடுகிறோம், அங்கேதான் சிக்கல். இதே மாற்றத்தை வேறு எது காட்டும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் உப்பு நுரைத்துப் பொங்குகிறது, வரும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால் போலாக்குகிறது. உடனே கார்பனேட் என்பார்கள். சல்பைட்டிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் அதையேதான் செய்யும்! ஆனால் அதற்கு மூக்கைத் துளைக்கும் நெடி உண்டு. அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைப் பச்சையாக்கும். கார்பன் டை ஆக்சைடு அந்தத் தாளைச் சீண்டாது. அப்புறம், கார்பன் டை ஆக்சைடை ரொம்ப நேரம் செலுத்தினால் வந்த பால்நிறமும் மறைந்துவிடும், கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்துவிடுவதால்.

அதிகம் பேர் வழுக்கி விழுவது குளோரைடில். உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் நேரடியாகச் சில்வர் நைட்ரேட் விட்டால் வீழ்படிவு (கரையாமல் பிரிந்து நிற்கும் திடப்பொருள்) வரத்தான் செய்யும். சாற்றில் மிஞ்சிக் கிடக்கும் கார்பனேட்டே அதைக் கொடுக்கும். அதனால் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம், நுரை அடங்கும்வரை. அந்த இடத்தில் கைதவறி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் எந்த உப்பும் குளோரைடாகிவிடும், கேட்கவே வேண்டாம். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்து, அது அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரைந்தால் குளோரைடு. வெளிர் மஞ்சளாக வந்து கொஞ்சமாகக் கரைந்தால் புரோமைடு. நல்ல மஞ்சளாக வந்து கரையவே மறுத்தால் அயோடைடு.

அம்மோனியம் சுலபம். சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கம்பியைக் குழாய் வாயருகே காட்டினால் அடர்ந்த வெண்புகை கிளம்பும். எந்த வாயுவானாலும் குழாயில் மூக்கை வைக்காதீர்கள். கையால் விசிறி லேசாக முகர்ந்தால் போதும்.

உப்பைச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும் சுடர் சோதனையில் துளி சோடியம் கலந்திருந்தாலே மஞ்சள் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பொட்டாசியத்தின் ஊதா தெரிய வேண்டுமென்றால் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

இரண்டு சோதனைகள் முரண்பட்டால் புதிதாக உப்பு எடுத்து, வேறு குழாயில் செய்யுங்கள். குழாயைக் கடைசியாக வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அலச வேண்டும். பைப் தண்ணீரில் இருக்கும் குளோரைடுக்கே சில்வர் நைட்ரேட் வெள்ளையாகக் கலங்கிவிடும்.