பழைய கெப்: பொனட்டைத் திறக்க முன் கீழே படுத்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்குக் குச்சவெளியில் ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயத் தோட்டம். தம்பியிடம் ஒரு படகு இருக்கிறது. வெங்காயத்தையும் மீனையும் டவுனுக்கு ஏற்ற வாடகை வாகனத்துக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. திருகோணமலை டவுனில் 1995ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2.8 டீசல், நாலு சில்லும் இழுக்கும் போர் வீல். முதலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஓடி, பிறகு ஒரு மீன் வியாபாரியிடம் இருந்ததாம். இப்போது வைத்திருப்பவர் எஞ்சின் செய்து, போன மாதம் வெள்ளைப் பெயின்டும் அடித்திருக்கிறார். "எஞ்சின் சத்தத்தைக் கேள், புதுசு மாதிரி" என்று மச்சான் அவசரப்படுத்துகிறார். முப்பது வயது வாகனத்தில் இவ்வளவு காசைப் போடலாமா?

பதில்: தம்பி, உங்கள் மச்சான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியவை இரண்டு: மீன் வியாபாரி, புதுப் பெயின்ட்.

அந்தக் கெப்பில் இருப்பது பெரும்பாலும் 3எல் எஞ்சின், 2779 சிசி. டர்போ கிடையாது, கம்பியூட்டர் கிடையாது. பம்ப், நொசில், ஹெட் என்று எதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் நம் மாவட்டத்தில் எந்தச் சந்தியிலும் இருக்கிறான். பாகம் கிடைக்கும். எஞ்சின் அடியோடு போனால்கூட இன்னொன்றைத் தேடி ஏற்றிவிடலாம். செசி அப்படியில்லை. எஞ்சின், பின்பெட்டி, கெபின் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு இரும்புச் சட்டங்கள் உக்கிவிட்டால், நீங்கள் வாங்கியது வாகனத்தை அல்ல, பழைய இரும்பை. வாகனத்தின் அடையாள இலக்கமும் அதே செசியில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் வேறொரு செசியைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் மாற்றவும் வழியில்லை.

கண்டியில் ஓடிய முப்பது வருட வாகனமும் நிலாவெளிக் கரையில் ஓடிய முப்பது வருட வாகனமும் ஒன்றல்ல. வாடைக் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசும். அதற்கு மேல் மீன். ஐஸ் கரைந்த தண்ணியும், பெட்டியைக் கடல் தண்ணியால் கழுவிய தண்ணியும் பின்பெட்டித் தரையின் ஆணி ஓட்டைகளால் ஒழுகி நேரே செசியில்தான் விழும். ஹைலக்ஸ் செசி உள்ளே வெறுமையான பெட்டி போன்றது. அதற்குள் மணலும் சேறும் சேர்ந்து, உப்புத் தண்ணியைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். கறள் உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே பார்த்தால் கறுப்பாக, வடிவாக இருக்கும். புதிதாகத் தார் பூசியிருந்தால் இன்னும் வடிவு.

நானும் ஏமாந்தவன்தான். போர் நிறுத்தக் காலம், 2003 என்று நினைவு. கராஜ் வேலைக்கு ஒரு சிங்கிள் கெப் எடுத்தேன். எஞ்சின் தையல் மெசின் மாதிரி ஓடியது. கீழே பளபளவென்று தார். மூன்று மாதம் கழித்துச் சீமெந்துப் பைகளை ஏற்றிக்கொண்டு தம்பலகாமம் சந்தியைத் தாண்டும்போது "டக்" என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்பெட்டி என் முதுகை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. பின் அச்சுக்கு மேலே செசி முறிந்திருந்தது. தகரத்தை வைத்து ஒட்டி, புட்டி அப்பி, மேலே தார் பூசியிருக்கிறார்கள். விற்றவரைப் பிறகு சந்தியிலும் காணவில்லை. அன்றிலிருந்து நான் பொனட்டைத் திறப்பது கடைசியாகத்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய திருப்புளி, ஒரு டோர்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கராஜ் ஒன்றில், கீழே நின்று பார்க்கும் குழியான பிட்டில் ஏற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அங்கேயே வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்விடலாம். முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொரு சாணுக்கும் செசியைத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி இல்லாவிட்டாலும் "டங்" என்று பதில் சொல்லும். உக்கிய இடம் "டொக்" என்று அமுங்கும். சில நேரம் உள்ளே கறள் பொருக்கு உதிர்ந்து விழுகிற சத்தமும் கேட்கும். அந்த இடத்தைத் திருப்புளியால் அழுத்துங்கள். உள்ளே போனால் பேச்சில்லை.

முக்கியமாகத் தட்ட வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங்கின் முன்முனை செசியில் மாட்டியிருக்கும் இடம், பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் ஊஞ்சல் போன்ற கொக்கி செசியில் மாட்டியிருக்கும் இடம், கெபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவில் சேறு தங்கும் பகுதி. தார் பூசியிருந்தால் உரிமையாளரிடம் கேட்டு நாலு இடத்தில் சுரண்டிப் பாருங்கள். அடியில் இரும்பு தெரிகிறதா, புட்டி தெரிகிறதா? ஒட்டு வேலை இருந்தாலே தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கனமான தகட்டைச் சரியாக வெட்டி, நீளமாக, இரு பக்கமும் ஒட்டியிருந்தால் ஓடும். ரொட்டித் துண்டு மாதிரி சின்னச் சின்னத் தகரங்களை ஒட்டியிருந்தால் ஓடாது. செசியோடு ஒட்டிப் போகும் பிரேக் குழாய்களையும் தடவிப் பாருங்கள். கை முழுக்கக் கறள் வந்தால் அவை மாற்ற வேண்டியவை. அது பெரிய செலவில்லை, விலையில் கழிக்கலாம்.

மேலே வந்து கெபினுக்கும் பின்பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பக்கத்திலிருந்து பாருங்கள். மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கியிருந்தால் செசி வளைந்திருக்கிறது, அல்லது முறியத் தொடங்கிவிட்டது. பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ் ஓரத்திலும் சில்லு வளைவிலும் வைத்தால் எங்கே புட்டி என்று அதுவே சொல்லிவிடும். கதவு உக்குவது ஒரு டிங்கர் வேலை, அதற்காக வாகனத்தை விட வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் இப்போது பட வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல இடங்களில் வாகனங்கள் மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்துச் சந்தைக்கு வரத்தானே செய்யும். சீட்டைத் தாங்கும் ஆணிகள் கறள் பிடித்திருக்கின்றனவா, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்று நிறக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பின் டிபரன்ஷலின் ஒயில் ஆணியைக் கழற்றினால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறதா? வந்தால் உள்ளே தண்ணி போயிருக்கிறது.

இனி மச்சான் விரும்புகிற எஞ்சினுக்கு வருவோம். விடியற்காலையில் போங்கள், போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஓட விட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயமில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. முடுக்கும்போது கரும்புகை அள்ளி வீசினால் நொசில் அல்லது பம்ப் வேலை இருக்கிறது. இப்படியே புகைத்தால் புகைப் பரிசோதனையில் மாட்டும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மெதுவாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால் "எஞ்சின் செய்தது" என்பது வாய்ப் பேச்சு.

இந்த எஞ்சின் குடும்பத்தின் பலவீனம் ஹெட். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வெடிப்பு விழும். நம் கரையோரத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: கிணற்றுத் தண்ணி. கூலன்ட் வாங்கக் கஞ்சப்பட்டு, உவர்த் தண்ணியை வருடக்கணக்காக ரேடியேட்டருக்குள் ஊற்றியிருப்பார்கள். அது ஹெட்டையும் ரேடியேட்டர் குழாயையும் சேர்த்து அரிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். செங்கல் நிறத் தண்ணி இருந்தால் விலை குறைய வேண்டும். ஒயில் மிதந்தாலோ, ஓட விட்டதும் குமிழி தொடர்ந்து வந்தாலோ ஹெட் கழற்ற வேண்டிவரும். பிறகு கச்சான் அடிக்கிற ஒரு மத்தியானத்தில், ஆறேழு மணல் மூட்டையை ஏற்றி, உவர்மலை ஏற்றத்தில் ஒரு தடவையும் கந்தளாய் வீதியில் அரை மணித்தியாலமும் ஓட்டிப் பாருங்கள். வெறும் வாகனத்தைக் காலையில் கடற்கரை வீதியில் ஓட்டிவிட்டு "நல்லா இழுக்குது" என்பதில் அர்த்தமில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அதன் ஆயுள் 100,000 கிலோமீற்றர். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய அன்றே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி, செய்த எஞ்சினை மறுபடி செய்ய வேண்டும். கிலோமீற்றர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். கிளச் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிய, முள் 90,000 காட்டினால் யார் பொய் சொல்வது?

போர் வீலைத் தார் வீதியில் போட்டுப் பார்க்க வேண்டாம், இறுகிக்கொள்ளும். மணலில் முன் சில்லுகளின் நடுவிலுள்ள ஹப்பைப் பூட்டிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் கியரில் ஓடும்போது காலை எடுத்தால் கியர் தானாகக் கழன்று விழுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

செசி தேறிவிட்டால் அடுத்தது பேப்பர். நம் ஆட்கள் கூடுதலாக அழுவது இங்கேதான். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தை, வலது முன் சில்லுக்குப் பக்கத்தில் செசியில் அடித்திருக்கும் இலக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அரம் போட்ட தடமோ ஒட்டிய தடமோ இருந்தால் அந்த இடத்தை விட்டே போய்விடுங்கள். எஞ்சின் இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் செய்தது என்று சொல்லிவிட்டு வேறு எஞ்சினை ஏற்றியிருப்பார்கள், அது குற்றமில்லை, ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தில் ஓடியது என்கிறீர்கள். தீர்வை இல்லாமல் இறக்கிய வாகனமாக இருந்தால், அந்தத் தீர்வை விவகாரம் முறையாகத் தீர்ந்துதான் கை மாறியதா என்பதையும் பாருங்கள். லீசிங் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

அப்புறம் "ஓப்பின் பேப்பர்". மீன் வியாபாரி கையெழுத்து வைத்த மாற்றப் படிவத்தை வைத்துக்கொண்டே இப்போதைய ஆள் ஓட்டியிருப்பார், அதையே உங்களுக்கும் நீட்டுவார். வாங்காதீர்கள். புத்தகத்தில் பெயருள்ள ஆள் அடையாள அட்டையோடு நேரில் வந்து, எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற மாற்றப் படிவங்களில் உங்கள் கண் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வெளிநாட்டில், அவர் செத்துப்போய்விட்டார் என்று கதை தொடங்கினால், அதைத் தீர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அட்வான்சும் கொடுக்க வேண்டாம்.

விலையைப் பற்றிச் சொல்வதானால், 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு பழைய கெப்புக்குத் தங்க விலை வந்தது. 2025 பெப்ரவரியில் கதவு திறந்தாலும் வரி அப்படி, புது கெப் நம் கைக்கு எட்டாது. எனவே பழசின் விலை இன்னும் வீம்பாகத்தான் நிற்கிறது. உங்கள் கையிலுள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியில் விலை பேசுங்கள். பெல்ட், டயர், பற்றரி, பிரேக் என்று முதல் ஆறு மாதம் அந்தப் பங்கைத் தின்றுவிடும்.

ஒன்று கேட்கட்டுமா, டபுள் கெப் எதற்கு? அதன் பின்பெட்டி ஐந்தடிக்குக் கிட்டத்தான். சிங்கிள் கெப் என்றால் ஏழடியைத் தாண்டும். வெங்காய மூட்டையும் மீன் பெட்டியும் ஏற்றுகிறவருக்குப் பின் சீட்டால் என்ன லாபம்? குடும்பத்தோடு கோணேஸ்வரத்துக்குப் போக என்றால் அது வேறு கதை. படகுக் கரை வரை மணலில் இறங்கத் தேவையில்லை என்றால், போர் வீலும் வேண்டாம். ஒரு சின்னப் பட்டா லொறி உங்கள் வேலையைக் குறைந்த டீசலில் செய்துவிடும்.

ஆனாலும் மனம் இந்தக் கெப்பில்தான் என்றால், செசி "டங்" என்று சொல்லி, புத்தகத்துக்காரர் நேரில் வந்தால், எஞ்சின் புகைத்தாலும் விலையைக் குறைத்து எடுங்கள். செசி "டொக்" என்றால், எஞ்சின் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் எடுக்காதீர்கள். முதல் நாள் பின்னேரமே உரிமையாளருக்குப் போன் எடுத்து, "காலையில் ஆறு மணிக்கு வாறோம், வாகனத்தைக் கழுவவும் வேண்டாம், ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிட்டுக்குள் டோர்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.